செடி, மரம், நிலம்: இயற்கை நடையில் கூர்ந்து பார்ப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காட்டுவழியில் நடந்துவிட்டு வந்தவரிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பறவை, அணில், பாம்புச் சட்டை என்று பட்டியல் வரும். வழி நெடுக இருபுறமும் நின்ற செடிகொடிகள் ‘ஒரே பச்சைப் பசேல்’ என்ற அளவில் முடிந்துபோகும். நம் பார்வையின் இயல்பு அப்படி. அசைவதும் முகம் உள்ளதும் சட்டென்று கண்ணில் படும். ஒரே நிறத்தில் நெருங்கி, அசையாமல் நிற்பவற்றை மூளை பின்னணி என்று ஒதுக்கிவிடும். ஜேம்ஸ் வாண்டர்சீ, எலிசபெத் ஷஸ்லர் என்ற அமெரிக்கக் கல்வியாளர்கள் 1990களின் இறுதியில் இந்தப் போக்கை விரிவாக எடுத்துப் பேசி, இதைத் ‘தாவரக் குருட்டுத்தன்மை’ என்று அழைத்தார்கள். நல்லவேளையாக இது பழக்கத்தால் மாறக்கூடியது. அந்தப் பழக்கத்துக்கு ஒரு வரிசை உண்டு. அதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். செடியின் பெயரைக் கண்டுபிடிப்பதை நான் கிட்டத்தட்டக் கடைசியில் வைத்திருக்கிறேன். பெயர் கிடைத்த நொடியில் பெரும்பாலோர் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். முதலில் செடியை முழுதாகப் பார்த்தவருக்குப் பெயர் பிறகு தானாகவே மனதில் நிற்கும்.

படி 1: தூரத்தைக் குறையுங்கள்

உடற்பயிற்சி நடையையும் இந்த நடையையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். இரண்டும் கெடும். ஒரு மணி நேரத்துக்கு அரை கிலோமீட்டர் போதும். ஒரே பாதையில் ஈரமான பள்ளம், வெயில் விழும் திட்டு, மரநிழல் என மூன்றும் வந்தால் இன்னும் நல்லது. புல்வெளி முடிந்து மரக்கூட்டம் தொடங்கும் ஓரம், குளக்கரை போன்ற எல்லைப் பகுதிகளில் இரண்டு பக்கத்துச் செடிகளும் கலந்து நிற்கும். தொடக்கத்தில் அங்கே போவதுதான் நல்லது.

காலையில் முதல் இரண்டு மணி நேரமும் மாலைக் கடைசி இரண்டு மணி நேரமும் ஏற்றவை. சூரியன் தாழ்ந்திருக்கும்போது ஒளி பக்கவாட்டில் விழும். இலையின் நரம்பு, மரப்பட்டையின் பிளவு, நிலத்தின் மேடுபள்ளம் எல்லாம் நிழலோடு எடுத்துக்காட்டும். உச்சி வெயிலில் அதே இடம் தட்டையாகத் தெரியும்.

கையில் ஒரு சிறு நோட்டு, பென்சில் (ஈரம் பட்டாலும் எழுத்து கலையாது), தண்ணீர், பத்து மடங்கு பெரிதாக்கும் மடக்கு உருப்பெருக்கி. இதில் உருப்பெருக்கியைத் தவிர்க்காதீர்கள். அதைக் கண்ணுக்கு மிக அருகில், கன்னத்தைத் தொடுகிற அளவு வைத்துக்கொண்டு, பார்க்கும் பொருளை மெல்ல அதை நோக்கிக் கொண்டுவர வேண்டும். பொருளின் மேல் கண்ணாடியை நீட்டிப் பிடித்துத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் விளங்காது. முழுக்கால் சட்டை, மூடிய காலணி, எங்கே போகிறோம் என்று ஒருவரிடம் சொல்லி வைப்பது ஆகியவை வழக்கமான முன்னேற்பாடுகள். இடி கேட்டால் நடையைத் தள்ளிப்போடுங்கள்.

படி 2: பாதையின் தொடக்கத்தில் நில்லுங்கள்

உள்ளே நுழைந்ததும் நடக்க வேண்டாம். ஐந்து நிமிடம் நில்லுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, தரை ஈரமா காய்ந்ததா, எந்த வாசனை முதலில் எட்டுகிறது என்று கவனியுங்கள். மழைக்குப் பின் எழும் மண்வாசனை மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் உருவாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளும், காய்ந்த காலத்தில் செடிகள் விட்ட எண்ணெய்ப் பொருள்களும் சேர்ந்து வருவது. நம் மூக்கு ஜியோஸ்மினை மிகச் சிறிய அளவிலும் பிடித்துவிடும்.

பிறகு தொலைவு, நடுத்தூரம், காலடி என்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை விதமான பச்சை இருக்கிறது என்று மட்டும் கணக்கெடுங்கள். மஞ்சள் கலந்த தளிர்ப்பச்சை, கருத்த பச்சை, சாம்பல் பூத்த பச்சை என்று பிரியத் தொடங்கும்போதே ‘ஒரே பச்சை’ கலைந்துவிடும்.

படி 3: ஒரே ஒரு செடியை முழுதாகப் பாருங்கள்

வழிகாட்டியின் உயிர்நாடி இந்தப் படிதான். நேரம் குறைவாக இருந்தால் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் செய்யுங்கள்.

அழகான செடியைத் தேட வேண்டாம். பாதையோரத்தில் முழங்கால் உயரம் நிற்கும் எதுவும் சரி. அதன் முன் குந்தி உட்கார்ந்து, கீழிருந்து மேலாகப் போங்கள்.

முதலில் அது வளரும் விதம். நிமிர்ந்து நிற்கிறதா, தரையோடு படர்கிறதா, இன்னொன்றைப் பற்றி ஏறுகிறதா? கொடி என்றால் எதைக்கொண்டு ஏறுகிறது? தண்டே சுற்றிக்கொள்ளலாம். சுருள் கம்பி நீட்டலாம். முள்ளைக் கொக்கியாகப் போடலாம். வேர்விட்டு ஒட்டிக்கொள்ளலாம். சுற்றி ஏறும் கொடி எந்தத் திசையில் சுற்றுகிறது என்றும் பாருங்கள். மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுபவையே உலகில் பெரும்பான்மை. ஒரு வகைக் கொடி பொதுவாக ஒரே திசையைத்தான் பின்பற்றும்.

அடுத்தது தண்டு. இரண்டு விரலுக்கிடையில் மெல்ல உருட்டுங்கள். துளசி, தும்பை ஆகியவற்றின் தண்டு நான்கு பட்டையாகத் தட்டும். கோரை மூன்று பட்டையாக இருக்கும். புல் உருண்டையாக, கணுக்களோடு இருக்கும். கோரையையும் புல்லையும் கண்ணால் பிரிக்கத் திணறுபவர்கள்கூட விரலால் எளிதில் பிரித்துவிடுவார்கள்.

பிறகு இலைகள் தண்டில் எப்படி அமைந்திருக்கின்றன என்று பாருங்கள். ஒரு கணுவுக்கு ஓர் இலை இடம் மாறி மாறி வந்தால் மாற்றிலை அமைவு. நேருக்கு நேர் இரண்டு வந்தால் எதிரிலை அமைவு. மூன்றோ அதற்கு மேலோ சுற்றி வந்தால் வட்ட அமைவு. எருக்கையும் துளசியையும் உச்சியிலிருந்து பார்த்தால் ஒரு ஜோடிக்கு அடுத்த ஜோடி குறுக்கே திரும்பி நிற்பது தெரியும். மேல் இலை நேர்கீழே உள்ள இலையின் வெயிலை மறைக்காமலிருக்க இந்த ஏற்பாடு உதவுகிறது. செடியை அடையாளம் காண்பதில் பூ இல்லாத காலத்திலும் கைகொடுக்கும் குறிப்பு இந்த இலை அமைவு.

எது இலை என்பதிலேயே ஒரு சிக்கல் உண்டு. வேம்பில் நாம் ஓர் இலை என்று கிள்ளுவது உண்மையில் சிற்றிலை. நடுக்காம்பும் அதன் இருபுறமும் உள்ள சிற்றிலைகளும் சேர்ந்ததே முழு இலை. உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கத்தில் ஒரு மொட்டு இருக்கும். சிற்றிலையின் அடியில் அது இருக்காது. மொட்டைத் தேடுங்கள், இலை எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். வேம்பின் சிற்றிலையைக் கையில் எடுத்தால் விளிம்பு ரம்பம்போல் இருப்பதையும், அடிப்பகுதியின் இரு பாதிகளும் சமமில்லாமல் இருப்பதையும் பார்க்கலாம். நூறு முறை பார்த்த மரத்தில் இதைக் கவனிக்காதவர்கள் ஏராளம்.

நரம்புகள் இணைகோடுகளாக ஓடுகின்றனவா, வலைபோலப் பின்னியிருக்கின்றனவா? முதலாவது பொதுவாக ஒருவித்திலைத் தாவரம் (விதைக்குள் ஒற்றை விதையிலை உள்ளது); புல், பனை, வாழை எல்லாம் அந்தக் கூட்டம். இரண்டாவது பெரும்பாலும் இருவித்திலை (விதையிலை இரண்டு உள்ளது). விதிவிலக்குகள் உண்டு, ஆனால் தொடக்கத்துக்கு இது நம்பகமானது.

இலையைத் திருப்பாமல் எழுந்துவிடாதீர்கள். அடிப்பக்கத்தில்தான் மயிர், சுரப்பி, பூச்சி முட்டை எல்லாம் ஒளிந்திருக்கும். பெரணியின் அடிப்பக்கத்தில் வரிசையாகப் பழுப்புப் பொட்டுகள் தெரிந்தால் அவை நோயல்ல. பெரணி பூப்பதில்லை. அந்தப் பொட்டுகளிலிருந்து உதிரும் ஸ்போர் என்ற நுண்துகள்களால்தான் அது பெருகுகிறது. உருப்பெருக்கியில் அவற்றைப் பார்க்கும் முதல் தடவை எவரும் ‘அடடா’ என்பார்கள்.

வாசனைக்கு, உதிர்ந்து கிடக்கும் இலை ஒன்றைக் கசக்குங்கள். நன்கு தெரியாத எதையும் வாயில் வைக்காதீர்கள். குன்றிமணியின் அழகிய விதையில் உள்ள அப்ரின் கொடிய நஞ்சு. எருக்கு, கள்ளி ஆகியவற்றின் பால் கண்ணில் பட்டால் பெரிய துன்பம். காஞ்சொறியின் மயிர்கள் பட்ட இடம் எரியும். பூனைக்காலியின் பொன்னிற மயிர் மூடிய காய் தாங்க முடியாத அரிப்பைத் தரும். ஆகவே தொடுவதற்கு முன் உருப்பெருக்கியால் ஒரு பார்வை பாருங்கள். புதருக்குள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை விடவே கூடாது.

படி 4: இலையில் யார் வந்துபோனார்கள்?

ஓட்டை விழுந்த இலையை நாம் ஒதுக்கிவிடுகிறோம். நான் அதைத்தான் முதலில் தேடுவேன்.

இலைப்பரப்பில் வெள்ளைக் கோடு வளைந்து வளைந்து போயிருந்தால், இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் இடையே ஒரு புழு குடைந்து தின்றுகொண்டே போயிருக்கிறது. கோடு மெல்லியதாகத் தொடங்கி அகன்றுகொண்டே போகும். புழு வளர வளர வழியும் அகலமாகிறது. குறுகிய முனையில் அது பிறந்தது, அகன்ற முனையில் வெளியேறியது அல்லது இன்னும் உள்ளே இருக்கிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்.

விளிம்பில் கத்தரித்ததுபோல் சீரான அரைவட்டம் இருந்தால் அது இலைவெட்டித் தேனீயின் வேலை. அது இலையைத் தின்பதில்லை. துண்டுகளைச் சுருட்டித் தன் குஞ்சுகளுக்கு அறை கட்டுகிறது. கம்பளிப்புழு தின்ற விளிம்பு அவ்வளவு ஒழுங்காக இருக்காது.

புங்கை இலையில் முளைத்திருக்கும் சிறு முடிச்சுகளையும் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் வகை ஒன்று இலையைத் தூண்ட, இலையே தன் திசுவால் கட்டித்தரும் வீடு அது. ஆமணக்கின் இலைக்காம்பில் சின்னச் சின்னக் குமிழ் போன்ற சுரப்பிகள் உண்டு. அங்கே எறும்பு மொய்த்தால் அது தேனுக்காக. பூவுக்கு வெளியே தேன் வைக்கும் செடிகள் பல உள்ளன. அந்தத் தேனுக்கு வரும் எறும்புகள் இலைதின்னும் பூச்சிகளை விரட்டிச் செடியைக் காக்கின்றன.

படி 5: பூவை எண்ணுங்கள்

இதழ்கள் மூன்று அல்லது ஆறா, நான்கு அல்லது ஐந்தா? மூன்றின் மடங்கு என்றால் பெரும்பாலும் ஒருவித்திலை. இலை நரம்போடு ஒத்துப்பாருங்கள்.

தரையோடு படர்ந்து, நீண்ட காம்பில் ஒற்றைப் பூ வைக்கும் வெட்டுக்காயப் பூண்டு உங்கள் காலடியிலேயே இருக்கக்கூடும். அந்தப் ‘பூ’ ஒரு பூங்கொத்து. நடுவில் மஞ்சளாகத் தெரிவது பல குட்டிப் பூக்கள். ஓரத்தில் நுனியில் மூன்று பற்களோடு வெளிர்நிறத்தில் விரிந்திருப்பவையும் தனித்தனிப் பூக்கள்தாம். சூரியகாந்தியும் இதே குடும்பம்.

உண்ணிச்செடியின் பூங்கொத்தில் இரண்டு மூன்று நிறம் தெரிவது வயது வேறுபாட்டால். மஞ்சளாக மலர்வது நாளாக ஆகச் சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறும். புதிய மஞ்சள் பூவில்தான் தேன் இருக்கும். பட்டாம்பூச்சி எந்த நிறத்தில் உட்காருகிறது என்று சிறிது நேரம் பொறுத்திருந்து பாருங்கள்.

எந்தப் பூ எந்நேரத்தில் விரிகிறது என்பதும் குறித்துவைக்க வேண்டியது. ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் கார்ல் லின்னேயஸ் 1751இல், பூக்கள் விரிந்து மூடும் நேரத்தைக்கொண்டே ஒரு ‘மலர்க் கடிகாரம்’ அமைக்கலாம் என்று எழுதினார். அந்திமந்தாரை மாலையில் விரிவதைப் பார்த்தவருக்கு அந்த யோசனை புதிதாகத் தோன்றாது.

படி 6: மரத்தடியில்

மரத்துக்குப் போனதும் மேலே பார்க்காமல் தரையைப் பாருங்கள். நிழலுக்குள் வட்ட வட்டமாக ஒளிப்பொட்டுகள் கிடக்கும். இலைகளுக்கிடையே உள்ள இடைவெளி கோணல்மாணலாக இருந்தும் பொட்டு ஏன் வட்டமாக விழுகிறது? ஒவ்வொன்றும் சூரியனின் பிம்பம் என்பதால். சிறு இடைவெளி ஊசித்துளைக் கேமராவாக வேலை செய்கிறது. பகுதிச் சூரிய கிரகணத்தின்போது அதே தரையில் ஆயிரம் பிறைகள் விழும். வட்டம் நீள்வட்டமாகியிருந்தால் அதன் குறுகிய அகலத்தை அளந்து 108ஆல் பெருக்குங்கள். ஒளி நுழைந்த இடைவெளி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று ஏறத்தாழக் கிடைக்கும். 10 செ.மீ. என்றால் ஏறக்குறைய 11 மீட்டர்.

மரத்தின் உயரம் வேண்டுமென்றால், நீட்டிய கையின் முட்டியிலிருந்து (விரல்களை மடக்கிய கை) கண்வரை உள்ள நீளம் அளவுக்கு முட்டிக்கு மேலே நிற்கும்படி ஒரு குச்சியை, கையை நீட்டியபடி செங்குத்தாகப் பிடியுங்கள். மரத்தின் அடி முட்டியின் மேல்விளிம்பிலும் உச்சி குச்சியின் நுனியிலும் பொருந்தும்வரை பின்னால் போங்கள். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து மரம்வரை உள்ள தூரமே மரத்தின் உயரம். தரை சமமாக இருக்க வேண்டும்.

பட்டையில் சாம்பல், மஞ்சள், வெளிர்பச்சைத் திட்டுகள் தெரிந்தால் அவை பாசியும் பூஞ்சையும் கூடிவாழும் மரப்பாசி வகைகள். லைக்கன் என்பார்கள். மரத்துக்குத் தீங்கில்லை. பல வகைகள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டருக்கு மேல் வளராது. அதனால் உள்ளங்கை அகலத் திட்டு என்றால் வயதானது. சுரண்டாதீர்கள். வில்லியம் நைலாண்டர் என்ற தாவரவியலாளர் 1866லேயே, பாரிஸ் நகரப் பூங்கா ஒன்றில் இவற்றை ஆராய்ந்து, இவற்றின் இருப்பைக் காற்றின் தூய்மையோடு தொடர்புபடுத்தினார். சாலையோர மரத்தையும் உள்ளே தள்ளி நிற்கும் மரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடிமரம் வளைந்து பிறகு நேராக நிமிர்ந்திருக்கிறதா? சரிவில் மண் மெல்ல நகர்ந்து மரத்தைச் சாய்த்திருக்கலாம். மரம் மீண்டும் செங்குத்தாக வளர முயன்றதன் தடம் அந்த வளைவு.

படி 7: நிலக்காட்சியைக் காரணத்தோடு பாருங்கள்

காட்சிமுனையில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவதுதான் வழக்கம். படம் எடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இது ஏன் இப்படி இருக்கிறது?

காய்ந்த பரப்பின் நடுவே மட்டும் கரும்பச்சைக் கோடு ஒன்று நெளிந்து போனால், அங்கே ஓடை இருக்கிறது, அல்லது மண்ணுக்கடியில் தண்ணீர் இருக்கிறது. கிளைகள் எல்லாம் ஒரே பக்கம் நீண்டிருக்கும் மரம், அங்கே ஆண்டில் பெரும்பகுதி எந்தத் திசைக் காற்று வீசுகிறது என்று காட்டும். மலையின் இரு சரிவுகளில் ஒன்று அடர்த்தியாகவும் மற்றது வறண்டும் இருந்தால், எந்தப் பக்கம் மழைக்காற்று மோதுகிறது, எந்தப் பக்கம் வெயில் கூடுதல் நேரம் விழுகிறது என்று யோசியுங்கள். எல்லா மரமும் ஒரே உயரம், ஒரே பருமன் என்றால் அவை ஒரே காலத்தில் முளைத்தவை: நட்டிருப்பார்கள், அல்லது தீயோ வெட்டோ பழையதை ஒருசேர அழித்திருக்கும்.

தூர மலை நீலமாகத் தெரிவதற்குக் காரணம் இடையில் உள்ள காற்று. காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியைக் கூடுதலாகச் சிதறடிக்கின்றன. தூரம் கூடக்கூடச் சிதறிய ஒளியும் கூடும். அதனால் மலைவரிசைகளை முன்பின்னாக அடுக்க நிறமே போதும்: கருத்தது அருகில், வெளிறியது தொலைவில். கடற்கரையில் நிற்பவருக்குத் தொடுவானம் ஏறத்தாழ 4.7 கிலோமீட்டரில் இருக்கும். கடலைப் பார்த்த 100 மீட்டர் குன்றில் ஏறினால் அது 36 கிலோமீட்டராகும்.

திரும்பும் நேரத்தைக் கணக்கிடவும் கை போதும். நீட்டிய கையின் முட்டி வானத்தில் சுமார் 10 பாகை. சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் அது ஏறக்குறைய நேராக இறங்குவதால், தொடுவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவே ஒரு முட்டி அகலம் இருந்தால் மறைய சுமார் 40 நிமிடம் உண்டு. சூரியனை நேராகப் பார்க்காமல் பக்கப் பார்வையில் அளவெடுங்கள்.

படி 8: உட்காருங்கள்

இருபது நிமிடம், ஒரே இடத்தில், பேசாமல். நாம் நுழைந்ததால் அடங்கிய பறவைகளும் பூச்சிகளும் மெல்ல வேலைக்குத் திரும்பும். எந்தப் பூவுக்கு எந்தப் பூச்சி வருகிறது என்பது நடந்துகொண்டே இருப்பவருக்கு ஒருநாளும் தெரியாது.

படி 9: வரையுங்கள், பிறகு படம் எடுங்கள்

ஓவியம் வராது என்று தயங்க வேண்டாம். வரைவதன் பயன் படத்தில் இல்லை. விளிம்பில் எத்தனை பல் என்று வரையும் கைக்குத் தேவைப்படும்போதுதான் கண் எண்ணுகிறது. பக்கத்தில் தேதி, நேரம், இடம், வெயிலா நிழலா, ஈரமா என்று எழுதுங்கள். செடி எந்த நிலையில் இருக்கிறது என்பதும் வேண்டும்: தளிர், முற்றிய இலை, பழுப்பு, சருகு, அரும்பு, மொட்டு, மலர், பிஞ்சு, காய், கனி.

படம் எடுத்தால் ஒரு செடிக்கு ஆறேழு: முழுச் செடி, இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், இலை தண்டோடு சேரும் இடம், பூ முன்பக்கம், பூ பக்கவாட்டில், காய் அல்லது பட்டை. அளவு தெரிய விரலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூவை மட்டும் நெருக்கமாக எடுத்த படத்தைக்கொண்டு நிபுணர்களாலும் பல செடிகளை உறுதியாகச் சொல்ல முடியாது.

படி 10: இப்போது பெயர்

பிளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகள் படத்தைப் பார்த்துச் சில பெயர்களைப் பரிந்துரைக்கும். முதல் பரிந்துரையை அப்படியே ஏற்காதீர்கள். படி 3இல் நீங்கள் குறித்த இலை அமைவு, தண்டு, நரம்பு எல்லாம் அந்தப் பெயருக்குரிய விவரத்தோடு பொருந்துகின்றனவா என்று சரிபாருங்கள். ஐநேச்சுரலிஸ்டில் பதிவிட்டால் மற்றவர்கள் பார்த்துத் திருத்துவார்கள். அச்சுறுத்தலில் உள்ள இனம் என்று பதிவாகியிருந்தால் சரியான இடத்தை அந்தத் தளம் மறைத்துவிடும். நீங்களும் அரிய ஆர்க்கிட்டின் இருப்பிடத்தை வேறெங்கும் வெளியிடாதீர்கள். பிடுங்கிப்போக ஆட்கள் வருவார்கள். செயலி சொன்ன பெயரை நம்பி எதையும் உண்பதும் மருந்தாக்குவதும் ஆபத்து.

படி 11: அதே பாதைக்குத் திரும்புங்கள்

புதுப்புது இடங்களுக்குப் போவதைவிட ஒரே பாதையை ஓராண்டு முழுக்கப் பார்ப்பது கூடுதலாகக் கற்றுத்தரும் என்பது என் உறுதியான எண்ணம். இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736இல் தன் நிலத்தில் மரங்கள் தளிர்ப்பது, பூக்கள் மலர்வது, பறவைகள் வருவது எல்லாவற்றையும் தேதியிட்டு எழுதத் தொடங்கினார். அவர் குடும்பத்தார் அதை 1958 வரை தொடர்ந்தார்கள். பருவநிலை மாறுவதைத் தாவரங்கள் எப்படி எதிர்கொள்கின்றன என்று ஆராய்பவர்களுக்கு அந்தக் குறிப்புகள் இன்று பெரும் சான்று. அவர் செய்ததற்குத் தேவைப்பட்டது நோட்டும் பொறுமையும்தான்.

தொடங்குவதற்கு ஐந்து மரங்களைத் தேர்ந்தெடுங்கள். அவற்றில் ஒன்றாவது முழுதாக இலையுதிர்க்கும் வகையாக இருக்கட்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: எந்த நிலையில் இருக்கிறது, போன தடவைக்கு இப்போது என்ன மாறியிருக்கிறது. மாற்றம் இல்லையென்றால் ‘மாற்றம் இல்லை’ என்றே எழுதுங்கள். முதல் தளிர் எப்போது வந்தது என்று அடுத்த ஆண்டு தேடும்போது, அதற்கு முந்தைய வாரம் தளிர் வந்திருக்கவில்லை என்பதற்கு அந்த வரிதான் ஆதாரம்.